திரும்பிப் போகும் வழி

பணம் கட்டும் திரைகளில் வரும் ஒரு வாசகம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். 'தயவுசெய்து பேக் பட்டனை அழுத்தாதீர்கள், திரையை மூடாதீர்கள்.' பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்கட்டணம் கட்டுகிறவர், ரயில் டிக்கெட் எடுக்கிறவர், பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் செலுத்துகிறவர் எல்லோருமே அந்த வட்டம் நிற்கும் வரை போனைத் தொடாமல், கிட்டத்தட்ட மூச்சு விடாமல், காத்திருக்கப் பழகிவிட்டோம்.

யோசித்தால் இது விசித்திரமான வேண்டுகோள். ஒரு பட்டனை வைப்பதே அழுத்துவதற்காகத்தான். லிஃப்டில் ஒரு பட்டனுக்குப் பக்கத்தில் 'இதை அழுத்தாதீர்கள், என்ன ஆகும் என்று சொல்ல முடியாது' என்று எழுதி ஒட்டியிருந்தால் நாம் மாடிப்படியைத் தேடிப் போவோம். போனில் மட்டும் தலையாட்டுகிறோம். அந்த வாசகத்தைப் பச்சையாகச் சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்: 'நீங்கள் பின்னால் போனால் என்ன செய்வது என்று இந்தச் செயலியை எழுதியவர்கள் முடிவு செய்யவில்லை.'

செயலி எழுதும் தொழிலில் இதற்கு நேவிகேஷன் என்று பெயர். ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு எப்படிப் போவது, எப்படித் திரும்புவது, நடுவில் கிளம்பிப் போனவர் மறுபடி வந்தால் எங்கே கொண்டு நிறுத்துவது என்ற சங்கதிகள். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரே புரோகிராமை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடவிடும் 'கிராஸ் பிளாட்ஃபார்ம்' முறை பரவிய பிறகு, பல செயலிகள் தடுமாறும் இடம் இதுதான். நம் பணமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

தட்டு அடுக்கு

மெஸ்ஸில் கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'ஸ்டாக்' என்கிறார்கள். யோசனை பழையது. ஒரு வேலையைப் பாதியில் விட்டுக் கிளை வேலைக்குப் போகும் இயந்திரம், விட்ட இடத்துக்கு எப்படித் திரும்பும் என்ற கேள்வி 1946-லேயே ஆலன் டூரிங்குக்கு வந்தது. ஏஸ் என்ற கம்ப்யூட்டருக்காக அவர் எழுதிய அறிக்கையில், திரும்ப வேண்டிய இடத்தின் குறிப்பைப் 'புதைப்பது', வேலை முடிந்ததும் 'தோண்டி எடுப்பது' என்று வழி சொன்னார். 1957-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் பவரும் கிளவுஸ் சமெல்சனும் இதே யோசனைக்கு பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார்கள்.

இன்று உங்கள் போனில் உள்ள ஒவ்வொரு செயலியும் இப்படி ஒரு அடுக்கை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. ஒரு ஜவுளிக் கடையின் செயலியை எடுத்துக்கொள்வோம். முகப்புத் திரை, அதன் மேல் புடவைப் பட்டியல், அதன் மேல் ஒரு புடவையின் படம், அதன் மேல் கூடை, விலாசம், கடைசியில் பணம் கட்டும் திரை. ஒவ்வொன்றும் ஒரு தட்டு. பின்னால் போனால் மேல் தட்டு எடுக்கப்படும், அடியில் இருந்தது தெரியும்.

புரோகிராமருக்கு இதில் மூன்று வேலைகள் முக்கியம். புதுத் தட்டை மேலே வைப்பது. மேல் தட்டை எடுப்பது. மேல் தட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைப்பது. முதல் இரண்டையும் எல்லோரும் செய்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் மூன்றாவதில்தான். பணம் கட்டி முடித்ததும் 'நன்றி' என்று ஒரு திரை வருகிறது. அதைப் பணம் கட்டும் திரையின் மேலேயே வைத்துவிட்டால், வாடிக்கையாளர் பேக் பட்டனை அழுத்தும்போது மறுபடி 'பணம் செலுத்துக' என்ற பட்டன் பளிச்சென்று எதிரே நிற்கும். பழைய தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, முகப்புத் திரையின் மேல் 'நன்றி'யை வைத்திருக்க வேண்டும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி.

லாக் இன் திரையும் இப்படித்தான். உள்ளே நுழைந்த பிறகு அந்தத் தட்டு அடுக்கில் இருக்கவே கூடாது. லாக் அவுட் செய்தவுடன் மொத்த அடுக்கும் காலியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு போன் வைத்துக்கொண்டு மாமனார் கணக்கையும் மருமகள் கணக்கையும் மாற்றி மாற்றித் திறக்கும் நாட்டில், லாக் அவுட் செய்த பிறகு பேக் அழுத்தினால் முந்தையவரின் கணக்கு விவரம் தெரிவது சில்லறைத் தவறு அல்ல.

இரண்டு போன், இரண்டு பழக்கம்

ஒரு போன் மட்டும் என்றால் இதை ஒரு தடவை சரியாகச் செய்துவிட்டு ஓய்ந்துவிடலாம். இரண்டு போன்கள் இரண்டு குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய முதல் ஐபோனின் முகப்பில் ஒரே ஒரு பட்டன்தான். அது செயலியை விட்டு வெளியே வருவதற்கு. பின்னால் போகத் தனி பட்டன் கிடையாது. ஒவ்வொரு செயலியும் தன் திரையின் இடது மேல் மூலையில் ஓர் அம்புக்குறியைத் தானே வரைந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஹெச்டிசி ட்ரீமில், பின்னால் போவதற்குப் போனிலேயே நிஜமான பட்டன் இருந்தது.

வெளிப்பார்வைக்கு இது ஒரு பட்டன் வித்தியாசம். உள்ளே அர்த்தமே வேறு. ஐபோனில் 'பின்னால்' என்றால் அந்தச் செயலிக்குள் ஒரு படி பின்னால், அவ்வளவுதான். முதல் திரைக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் பின்னால் ஏதும் இல்லை. ஆண்ட்ராய்டில் 'பின்னால்' போனுக்குச் சொந்தம். கீபோர்டு திறந்திருந்தால் அதை மூடும். மேலே ஒரு பெட்டி மிதந்தால் அதை மூடும். இல்லாவிட்டால் முந்தைய திரைக்குப் போகும். முதல் திரையில் நின்றால் செயலியை விட்டே வெளியேறும். வேறொரு செயலியிலிருந்து வந்தவராக இருந்தால் அங்கேயே கொண்டு போய் விடும்.

பிறகு பட்டன்கள் மறைந்து சைகைகள் வந்தன. 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது, திரையின் இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் பின்னால் போகும் வசதி சேர்ந்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10, இடது வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போகும் என்றது. இது அழகுக்காகச் செய்தது அல்ல. 2013-ல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர், பொது இடங்களில் மக்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனித்து 1,333 பதிவுகள் எடுத்தார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவிகிதத்தினர் ஒரே கையால் வேலை பார்த்தார்கள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவரின் கட்டைவிரல், பெரிய போனின் இடது மேல் மூலையை எட்டாது. ஓரத்தை எட்டும்.

உருது போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் எல்லாமே தலைகீழ். அங்கே 'பின்னால்' என்ற அம்புக்குறி வலது பக்கம் பார்க்க வேண்டும். ஐபோனில் இழுக்கும் ஓரமும் வலதுக்கு மாறும். இந்தியா முழுவதற்கும் செயலி எழுதுகிறவர் நினைவில் வைக்க வேண்டிய விஷயம். அம்புக்குறியை வெறும் படமாக ஒட்டிவைத்தவர்களின் செயலி உருதுவில் முன்னால் போகச் சொல்லிப் பின்னால் போகும்.

ஒரே புரோகிராம்

ஏன் ஒரே புரோகிராம்? காரணம் பணம். ஐபோனுக்கு ஒரு குழு, ஆண்ட்ராய்டுக்கு ஒரு குழு என்று வைத்துக்கொள்ளப் பெரிய கம்பெனிகளால் முடியும். கோயம்புத்தூரிலோ இந்தூரிலோ ஐந்து பேரை வைத்து நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனியால் முடியாது. அவர்களிடம் செயலி செய்யச் சொல்லும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கூட்டுறவுச் சங்கமும் இரண்டு மடங்கு பணம் தரத் தயாராக இல்லை. ஆகவே ஒரே புரோகிராம் என்பது சோம்பேறித்தனம் இல்லை, நியாயமான சிக்கனம்.

இந்த ஆசையும் பழையதுதான். 1995-ல் வந்த ஜாவா மொழி, ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்று வாக்குறுதி தந்தது. 2015-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் அதைச் சற்று அடக்கமாக மாற்றிச் சொன்னது: ஒரு முறை கற்றுக்கொள்ளுங்கள், எங்கும் எழுதலாம். இருபது வருட அனுபவம் அந்த வார்த்தை மாற்றத்தில் தெரிகிறது. 2018 டிசம்பரில் கூகுளின் ஃப்ளட்டர் 1.0 வந்தது. இன்று இந்த இரண்டும்தான் இத்துறையில் முன்னணியில் நிற்கின்றன.

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ரியாக்ட் நேட்டிவ், போன் வைத்திருக்கும் பட்டன்களையும் பெட்டிகளையுமே வாங்கிப் பயன்படுத்துகிறது. ஃப்ளட்டர் அப்படி எதையும் கேட்பதில்லை. போனிடம் ஒரு வெற்றுத் திரையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தானே வரைகிறது. ஆகவே ஃப்ளட்டர் செயலியில் ஆறு தட்டுகள் அடுக்கியிருந்தாலும் போனுக்குத் தெரிவது பொதுவாக ஒரே தட்டுதான். போன் 'பின்னால்' என்று சொன்னால், அதைக் காதில் வாங்கி உள்ளே எந்தத் தட்டை எடுப்பது என்று முடிவு செய்வது முழுக்க ஃப்ளட்டரின் பொறுப்பு.

இது எளிதான வேலை இல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. ரியாக்ட் நேட்டிவ் வந்த முதல் இரண்டு வருடங்களில் நேவிகேட்டர், நேவிகேட்டர்ஐஓஎஸ், நேவிகேஷன் எக்ஸ்பெரிமென்டல் என்று மூன்று விதமான முறைகள் வந்து போயின. 2017-ல் ரியாக்ட் நேவிகேஷன் வந்து ஓரளவு நிலைபெற்றது. அதுவும் பல தடவை பெரிய அளவில் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. ஃப்ளட்டரின் பழைய முறை எளிமையாக இருந்தது, ஆனால் சிக்கலான செயலிகளுக்குப் போதவில்லை. 2020-ல் புது முறை வந்தது. அது மிகவும் கடினம் என்று புரோகிராமர்கள் முணுமுணுத்ததால், அதன் மேல் கோ ரவுட்டர் என்ற எளிமையான மூடி போட வேண்டியிருந்தது. ரியாக்ட் நேட்டிவ்வை ஆர்வத்தோடு பயன்படுத்திய ஏர்பிஎன்பி நிறுவனம், தனக்கென்று ஒரு நேவிகேஷன் முறையையே எழுதிப் பார்த்தது. 2018-ல், வேறு பல காரணங்களும் சேர, ரியாக்ட் நேட்டிவ்வையே விட்டுவிடுவதாக அறிவித்தது.

புடவைப் படத்தை இரண்டு போனிலும் ஒரே மாதிரி காட்டிவிட முடியும். அது புரோகிராமரின் கையில் இருக்கிறது. 'பின்னால்' என்பது அந்தப் போனின் சொந்தக்காரருடைய விரலில் பல வருடமாக ஊறிய பழக்கம். அதை ஒரே மாதிரி ஆக்க நினைத்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு அந்நியமாகப் படும். ஒரே புரோகிராம் எழுதி மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை இந்த இடத்தில் செலவழித்தே ஆக வேண்டும்.

பணம் போன வழி

இப்போது ஜவுளிக் கடைக்குத் திரும்புவோம். வாடிக்கையாளர் யுபிஐ மூலம் பணம் கட்ட முடிவு செய்கிறார். கடையின் செயலி அவரை அவருடைய யுபிஐ செயலிக்கு அனுப்புகிறது. அங்கே ரகசிய எண்ணைக் கேட்கும் திரை வருகிறது. அந்தத் திரை யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ தரும் பொது சாஃப்ட்வேரால் வருவது. எந்தச் செயலியில் பார்த்தாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆக, கடைக்காரர், யுபிஐ செயலி, என்பிசிஐ என்று மூன்று பேருடைய தட்டுகள் ஒரே அடுக்கில் இருக்கின்றன. இந்த நேரத்தில்தான் யாரோ போன் செய்கிறார்கள், அல்லது சிக்னல் போகிறது, அல்லது விரல் ஓரத்தில் பட்டுவிடுகிறது.

இங்கும் இரண்டு போன்களும் ஒத்துப்போவதில்லை. ஆண்ட்ராய்டில் கடைச் செயலி 'யுபிஐ வேண்டும்' என்று கேட்டால், போனே இருக்கும் யுபிஐ செயலிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும். வேலை முடிந்ததும் அந்தச் செயலி ஒரு பதிலையும் கையில் கொடுத்து அனுப்பும். ஐபோனில் அந்தப் பொதுப் பட்டியல் கிடையாது. எந்தெந்த யுபிஐ செயலியை எந்த முகவரியில் கூப்பிட வேண்டும் என்று கடைச் செயலியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். போனவர் திரும்பி வரும்போது கையில் பதிலும் இருக்காது. ஆண்ட்ராய்டில் மட்டும் சோதித்துவிட்டு 'இரண்டிலும் ஓடும்' என்று ஒப்படைத்தால், ஐபோன்காரர் பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது செயலி 'பணம் செலுத்துக' என்றே நின்றுகொண்டிருக்கும். அவர் மறுபடி செலுத்துவார்.

இதற்குச் சரியான வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்கிறவர்கள் குறைவு. பணம் கேட்பதற்கு முன்பே சர்வரில் ஓர் ஆர்டர் எண்ணை உருவாக்கிவிட வேண்டும். வாடிக்கையாளர் எந்த வழியாகத் திரும்பி வந்தாலும், பேக் பட்டனாலோ, சைகையாலோ, செயலியை மூடித் திறந்தோ, முதல் வேலையாக அந்த எண்ணின் நிலை என்ன என்று சர்வரைக் கேட்க வேண்டும். போனில் வரும் பதில் ஒரு தகவல். நம்ப வேண்டியது சர்வர் சொல்வதை. அதே எண்ணுக்கு இரண்டாம் தடவை பணம் கேட்டால் சர்வர் மறுக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால், 'பேக் பட்டனை அழுத்தாதீர்கள்' என்ற வாசகத்துக்கே வேலை இல்லை. 'உறுதிக்காகக் காத்திருக்கிறோம். நீங்கள் வேறு வேலை பார்க்கலாம், முடிந்ததும் தகவல் வரும்' என்று தைரியமாக எழுதலாம்.

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐ மூலம் அனுப்பிய பணம் உங்கள் கணக்கிலிருந்து போய், பெற வேண்டியவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணம் என்றால், கடைக்கு உறுதி போய்ச் சேராத நிலையில் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் இவை தோற்றுப்போன பரிமாற்றங்களுக்கானவை. இரண்டு தடவை செலுத்தி இரண்டுமே வெற்றி பெற்றிருந்தால் வங்கியின் கணக்கில் தவறு எதுவும் இல்லை. நீங்கள் கடைக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்.

ஓடிபி தேடிப் போனவர்

அடுத்த பிரச்னை விலை குறைந்த போன்களுக்கு உரியது. அதாவது இந்தியாவுக்கு உரியது. 1 ஜிபி, அதற்கும் குறைவான நினைவகம் உள்ள போன்களுக்காகவே 2017-ல் கூகுள் 'ஆண்ட்ராய்டு கோ' என்ற தனிப் பதிப்பைக் கொண்டுவந்தது என்பதிலிருந்து சந்தையின் தன்மை புரியும்.

இத்தகைய போனில் ஒருவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். ஐந்து திரைகளில் பெயர், விலாசம், வங்கிக் கணக்கு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஓடிபி கேட்கிறது. எஸ்எம்எஸ் பார்க்கப் போகிறார். போனில் இடம் போதாததால் ஆண்ட்ராய்டு, பின்னால் போன விண்ணப்பச் செயலியை ஓசைப்படாமல் கொன்றுவிடுகிறது. ஆறு இலக்க எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தால், எதிரே முகப்புத் திரை. ஐந்து தட்டுகளும் காணோம்.

ஆண்ட்ராய்டு இப்படிக் கொல்வது தவறல்ல. கொல்வதற்கு முன் 'நீ எங்கே இருந்தாய், குறித்து வை' என்று செயலியைக் கேட்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் தவறு. ஃப்ளட்டரில் இந்தக் குறித்து வைக்கும் வசதி 2020-ல் வந்தது. ஆனால் புரோகிராமர் தானாக முன்வந்து ஒவ்வொரு திரைக்கும் ஓர் அடையாளம் கொடுத்தால்தான் வேலை செய்யும். ரியாக்ட் நேவிகேஷனிலும் அடுக்கைச் சேமித்து, மறுபடி திறக்கும்போது எடுத்துக் கொடுப்பதற்குத் தனியாக எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை. காரணம், அவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. புரோகிராமர் மேஜையில் உள்ள விலையுயர்ந்த போனில் நினைவகம் தாராளம். அதில் செயலி சாவதில்லை.

இதைவிட நல்ல வழி, அவரை வெளியே அனுப்பாமலே இருப்பது. வந்த எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஓடிபியை எடுத்துக் கட்டத்தில் நிரப்ப ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே வசதி இருக்கிறது. இரண்டிலும் முறை வேறு என்பதால் இரண்டு தடவை வேலை செய்ய வேண்டும். செய்யத் தகுந்த வேலை.

வாசல் வழியாக வராதவர்

முகப்புத் திரையில் நுழைந்து படிப்படியாக வருகிறவர்களை மனதில் வைத்தே அடுக்கு கட்டப்படுகிறது. எல்லோரும் அப்படி வருவதில்லை. 'உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது' என்ற அறிவிப்பைத் தொட்டவர் நேராக மூன்றாவது மாடியில் போய் இறங்குகிறார். அங்கிருந்து பின்னால் போனால் எங்கே போக வேண்டும்? அடுக்கில் ஒரே தட்டுதான் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஆண்ட்ராய்டில் செயலியே மூடிக்கொள்ளும். ஐபோனில் பின்னால் போக வழியே இல்லாமல் திரை முட்டுச் சந்தாக நிற்கும்.

இதற்கு ஆண்ட்ராய்டின் வழிகாட்டு நெறிகள் சொல்லும் தீர்வு, ஒரு நாகரிகமான பொய். அவர் நடந்து வந்திருந்தால் எந்தத் தட்டுகள் அடியில் இருந்திருக்குமோ, அவற்றைச் செயற்கையாக அடுக்கிவிட்டு அதன் மேல் பார்சல் திரையை வைப்பது. பின்னால் போனால் ஆர்டர் பட்டியல், அதற்கும் பின்னால் முகப்பு. ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டிலும் இதைச் செய்ய முடியும். ஒவ்வொரு திரைக்கும் 'உனக்கு அடியில் யார்' என்று ஆரம்பத்திலேயே எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் லாக் இன் கேட்க நேர்ந்தால், அது முடிந்ததும் அவர் கேட்ட பார்சலுக்கே கொண்டுபோக வேண்டும். முகப்பில் விட்டுவிட்டுத் தேடிக்கொள் என்று சொல்வது, விருந்தாளியை வாசலில் நிறுத்திப் பெயர் கேட்டுவிட்டு மறுபடி தெருமுனைக்கு அனுப்புவது போல.

முன்கூட்டியே சொல்

கடைசியாக ஒரு புதிய மாற்றம். 2022-ல் ஆண்ட்ராய்டு 13-உடன் கூகுள் ஒரு யோசனையை அறிமுகப்படுத்தியது. பின்னால் போக விரலை இழுக்கத் தொடங்கியதுமே, திரை சற்று விலகி அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும். பிடிக்காவிட்டால் விரலை எடுக்காமலே ரத்து செய்யலாம். படிப்படியாகக் கொண்டுவந்து, 2025-ல் வந்த ஆண்ட்ராய்டு 16-க்காக எழுதப்படும் செயலிகளுக்கு இதுவே இயல்பான நடைமுறை ஆக்கப்பட்டது.

வாடிக்கையாளருக்கு இது வரம். புரோகிராமருக்கு வீட்டுப் பாடம். முன்பெல்லாம் பேக் பட்டன் அழுத்தப்பட்ட பிறகு 'போகலாமா, வேண்டாமா' என்று செயலி யோசிக்கலாம். இப்போது அடியில் இருப்பதைக் காட்ட வேண்டுமானால் பதிலை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். ஃப்ளட்டரில் அதுவரை இருந்த வில்பாப்ஸ்கோப் என்ற கருவி 2023-ல் ஓய்வு பெற்று, பாப்ஸ்கோப் வந்ததற்குக் காரணம் இதுதான். பழைய கருவிக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. 'பாதியில் போகிறீர்களே, நிச்சயமா?' என்று கேட்பதற்காக அதைப் போட்டால், ஐபோனில் ஓரத்தை இழுக்கும் சைகையே செத்துவிடும். ஆண்ட்ராய்டுக்காக வைத்த காவல்காரர் ஐபோனின் கதவைப் பூட்டிவிடுவார்.

சோதித்துப் பாருங்கள்

உங்கள் பள்ளிக்கோ கடைக்கோ சங்கத்துக்கோ யாராவது செயலி செய்து தருகிறார்கள் என்றால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அரைமணி நேரம் செலவழியுங்கள். கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. ஓர் ஐபோன், கிடைப்பதிலேயே மலிவான ஓர் ஆண்ட்ராய்டு போன், இரண்டும் போதும்.

ஒவ்வொரு திரைக்கும் போய்ப் பின்னால் வந்து பாருங்கள். எங்கே வருவோம் என்று நீங்கள் நினைத்தீர்களோ அங்கே வர வேண்டும். விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, கேமராவைத் திறந்து, நாலைந்து செயலிகளைத் திறந்து, பிறகு திரும்பி வாருங்கள். நிரப்பியது இருக்கிறதா? ஒரு ரூபாய் கட்டணம் வைத்துப் பணம் கட்டும் திரைக்குப் போய், ரகசிய எண் போடுவதற்கு முன் ஒரு தடவையும் போட்ட பிறகு ஒரு தடவையும் பேக் அழுத்துங்கள். எத்தனை ஆர்டர் பதிவாயிற்று, எத்தனை ரூபாய் போயிற்று? செயலியை முழுக்க மூடிவிட்டு ஓர் அறிவிப்பைத் தொட்டு உள்ளே போங்கள், அங்கிருந்து பின்னால் வாருங்கள். லாக் அவுட் செய்துவிட்டுப் பின்னால் போங்கள். எதுவும் தெரியக் கூடாது. புரோகிராமரிடம் ஒரே ஒரு காரியம் கேட்கலாம். ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தன் செயலியை அவரே உங்கள் எதிரில் ஓட்டிக் காட்டட்டும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்குப் போன்தான் முதல் கம்ப்யூட்டர். தைரியமாக ஒரு பட்டனைத் தொட்டுப் பார்ப்பவர், தவறிப்போனால் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் தொடுகிறார். ஒரு தடவை இரண்டு மடங்கு பணம் போனால், ஒரு தடவை நிரப்பிய விண்ணப்பம் காணாமல் போனால், அந்த நம்பிக்கை போய்விடும். பிறகு அவர் தானாக எதையும் செய்வதில்லை. போனைப் பக்கத்து வீட்டுப் பையனிடமோ கடைப் பையனிடமோ நீட்டி, 'நீயே கட்டிக் கொடுப்பா' என்கிறார். போனோடு ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு வங்கி அனுப்பும் எச்சரிக்கை எஸ்எம்எஸ்களால் ஒரு பயனும் இல்லை.

பேக் பட்டனை அழுத்தாதே என்று வாடிக்கையாளருக்கு உத்தரவு போடும் செயலியை இனி பார்த்தால், செய்து தந்தவர்களைக் கேளுங்கள்: அழுத்தினால் என்ன ஆகும்? பதில் தெரிந்தவர்கள் அந்த உத்தரவைப் போட்டிருக்க மாட்டார்கள்.